தகட்டில் இல்லாத புள்ளி

மூன்று முறை துடைத்தும் அந்தப் புள்ளி போகவில்லை. முதலில் பட்டுத்துணியால் துடைத்தாள், பிறகு வாயால் ஊதினாள், கடைசியில் விதியை மீறி முந்தானையாலும் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். கண்ணாடித் தகட்டைத் திரும்ப மேடையில் வைத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பொருத்தினால், கடுகில் பாதி அளவில், கருப்பாக, அது அங்கேயே இருந்தது.

"என்னுங்க அக்கா, எண்ணே சொல்லக் காணோம்?" என்றாள் எதிரே நோட்டோடு உட்கார்ந்திருந்த தங்கை வசந்தாமணி.

"தூசி. உட்டுத் தள்ளு, அடுத்ததை எழுதிக்கோ" என்றாள் சௌந்திரம்.

சென்னையில் குண்டு விழப்போகிறது என்று பாதி ஊர் மூட்டை கட்டிய ஆண்டு அது. வானத்தைப் படம் பிடித்து வைத்திருந்த ஓர் ஆபீசும் தன் பங்குக்கு மூட்டை கட்டியது. முப்பது வருடத்து வானம், ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளாக, வைக்கோல் திணித்த பெட்டிகளில் நாமகிரிப்பேட்டைக்கு வந்து ஒரு மஞ்சள் கிடங்கில் இறங்கியது. எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்கள் வேண்டும், கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்றார்கள். கணவனை இழந்து தாய் வீட்டுக்குத் திரும்பியிருந்த சௌந்திரத்துக்குக் கண்தான் சொத்து. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த வசந்தாமணி அக்காவுக்குத் துணையாக வந்தாள்.

தகட்டில் எல்லாம் தலைகீழ். வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கருப்பாகவும் இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் லேசாக நகர்த்தி மூன்று முறை பிடித்திருந்ததால், ஒவ்வொரு நட்சத்திரமும் அடுப்புக் கல் போல மூன்று புள்ளிகளாக விழுந்திருக்கும். ஒற்றையாக நின்றால் தூசி. அதை அளக்கக் கூடாது. திருகைத் திருகி, தகட்டில் பதிந்த கட்டக் கோட்டிலிருந்து புள்ளி எவ்வளவு தூரம் என்று ஒருத்தி சொல்ல வேண்டும், மற்றவள் அதைத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். இந்த எண்களிலிருந்துதான் நட்சத்திரப் பட்டியல் தயாராகும். சூப்பர்வைசர் செங்கோட்டையன் வெள்ளிதோறும் வந்து ஒரே பாட்டைப் பாடுவார்: "ஒரு கண்ணு பாத்ததை நம்பாதீங்கம்மா. சந்தேகம்னா இன்னொரு கண்ணு பாக்கோணும்."

அன்று மதியம் அடுத்த தகட்டை வைத்தாள். வேறு திசை வானம், பதினெட்டு வருடம் பழையது. அதிலும் புள்ளி இருந்தது, முந்தையதைவிட ஓர் இழை நடுப்பக்கம் தள்ளி. மறுநாள் வைத்த நான்கு தகட்டிலும் இருந்தது. நான்காவதில் ஏறக்குறைய நட்ட நடுவில் வந்து நின்றது.

ஒவ்வொரு முறையும் தூசி என்றே சொல்லிக் கடந்தாள் சௌந்திரம். அவளுக்குப் பயம், வேறொன்றுமில்லை. அம்மா பாவாயிக்கும் இப்படித்தான் தொடங்கியது. முறத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு, இல்லாத கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி எறிவாள். முப்பத்திரண்டு வயதில் முழுதாக இருண்டுவிட்டது. சௌந்திரத்துக்கு இந்தத் தையில் முப்பத்தொன்று முடிந்திருந்தது. ராத்திரியெல்லாம் கூரையின் ஓட்டு வரிசையை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள், ஒன்றாவது மறைந்திருக்கிறதா என்று.

வியாழக்கிழமை மதியம் ஆடிக்காற்று கிடங்கின் தகரக் கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. புழுதி வராமல் இருக்க ஜன்னல்களை அடைத்துக் கதவிடுக்கில் சாக்கைச் செருகியிருந்தார்கள். மேசைக்கடியில் மண்ணெண்ணெய் விளக்கு, அதன்மேல் சாய்த்த கண்ணாடி, அது மேலே அனுப்பும் மஞ்சள் வெளிச்சம் மட்டும்தான் உள்ளே. மஞ்சள் கிழங்கின் காரமான மண்வாசனை மூக்கில் அப்பியிருந்தது, பக்கத்துக் கிடங்கில் கிழங்கை மெருகேற்றும் பீப்பாய் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.

தெரிந்துகொண்டே தீர்வது என்று சௌந்திரம் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். நட்சத்திரங்கள் எல்லாம் இடம் மாறின. புள்ளி மாறவில்லை. மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையைச் சுழற்றினாள். வில்லையில் இருந்த கீறல் சுற்றி வந்தது, புள்ளி வரவில்லை. கடைசியில் தகட்டையே எடுத்துவிட்டு வெறும் மேடையைப் பார்த்தாள்.

இருந்தது.

தகட்டில் இல்லை, வில்லையில் இல்லை. அப்படியானால் தன் கண்ணில்தான். அவள் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டதைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"என்னுங்க அக்கா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் இன்னொரு கண்ணைக் கூப்பிடும் இரண்டு மாதப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது.

"நீ ஒருக்காப் பாரு சாமி. எங்கண்ணு மேல சந்தேகமா இருக்குது."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். வசந்தாமணி வலது கண்ணைப் பொருத்தினாள். பீப்பாய் உருண்டது. காற்று தகரத்தை அறைந்தது.

"நடுவுல கருப்பா ஒன்னு. ஆமாங்க அக்கா, இருக்குதுங்க."

சௌந்திரத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இன்னொரு கண்ணுக்கும் தெரிகிறது! தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் விதி தனக்கில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாகக்கூட வேண்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில், அப்படியானால் அது எங்கே இருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அகலம் பதினொன்னு" என்றாள் வசந்தாமணி, திருகைத் திருகியபடி.

"பதினொன்னு" என்று சௌந்திரத்தின் வாய் தானாகத் திருப்பிச் சொன்னது. "அதை எதுக்கு அளக்கற? தகடே இல்ல."

பக்கத்துக் கிடங்கில் பீப்பாய் நின்றது. விளக்கில் எண்ணெய் குறைந்து சுடர் இறங்கியது.

"பதினேழு."

"என்ன?"

"பெருசாவுதுங்க அக்கா. இருவத்தி நாலு."

சௌந்திரம் குனிந்து திரியைத் தூண்டினாள். வெளிச்சம் எழுந்தது.

"ஒம்போது. சுருங்கிப்போச்சு."

சுடர் மறுபடி தாழ்ந்தது.

"முப்பது."

தங்கையின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. சந்தையில் நெல் அளப்பவன் குரல்.

"போதும், எந்திரி."

எழவில்லை.

"எந்திரி வசந்தா!" தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் வந்தது, தலை வரவில்லை. கண் வில்லையோடு ஒட்டியிருந்தது. சௌந்திரத்துக்கு, வெளிச்சம் இருப்பதால்தானே பார்க்கிறாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. வெளிச்சம் இல்லையென்றால் பார்க்க என்ன இருக்கிறது?

குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள்.

கும்மிருட்டு. திரி கருகிய நாற்றம்.

அப்போதுதான் புத்திக்கு எட்டியது. வெளிச்சம் கூடினால் சுருங்குவது, குறைந்தால் அகல்வது. எல்லோர் முகத்திலும், கண்ணுக்கு ஒன்றாக, அது இரண்டு இருக்கிறது.

"நாப்பது" என்றாள் வசந்தாமணி இருட்டில்.

திருகு மெல்ல நகரும் சத்தம். கிறு. கிறு.

"அம்பத்தி ஆறு."

"ஐயோ, கண்ணை எடு சாமி…"

"எழுவது. தொண்ணூறு."

தீப்பெட்டி எங்கே. மேசை. நோட்டு. மைக்கூடு கவிழ்ந்தது. விரலெல்லாம் ஈரம்.

"நூறு."

திருகு அதன் கடைசிப் பல்லில் முட்டி நின்றது. பிறகு சத்தம் இல்லை. காற்றுகூட நின்றிருந்தது. வழுக்கும் நுங்கை ஓட்டிலிருந்து விரலால் எடுப்பதுபோல, ஈரமாக ஒரு சின்ன ஓசை மட்டும் கேட்டது.

மூன்றாவது குச்சிதான் பற்றியது.

வசந்தாமணி திரும்பி உட்கார்ந்திருந்தாள். இடது கண் எப்போதும் போல இருந்தது. நீர் கோத்து, குச்சி வெளிச்சத்துக்குக் கூசியது. வலது கண் முழுக்க வெள்ளை. கருமணி இல்லை. இருந்த சுவடும் இல்லை.

"என்னுங்க அக்கா, எம்மொகத்தையே பாக்கறீங்க?" என்றாள்.

சௌந்திரத்தின் பார்வை அந்த முகத்தைத் தாண்டிப் போயிருந்தது. தங்கையின் தோளுக்குப் பின்னால், விளக்கில்லாத மேடையின் கண்ணாடியில், இப்போது மைக்ராஸ்கோப்பே தேவைப்படாத அளவில், இரண்டு கருப்பு வட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. குச்சி விரலைச் சுட்டது. சுடர் தாழத் தாழ, இரண்டும் சேர்ந்தே அகன்றன.