நடுவழியில் நின்ற விஞ்ச்

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டிய ஆள் கும்பிட்ட கையை இறக்காமலே அழுதார். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால். முருகனுக்கு விரதமிருப்பவர் என்று சாரதாமணி உடனே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். காலை மடக்கி அமர்ந்தபோது அவருடைய குதிகால் வெடிப்பெல்லாம் நீலக் கோடுகளாகத் தெரிந்தன. செருப்பில்லாமல் எங்கெல்லாம் நடந்தாரோ, பாவம் என்று இரக்கப்பட்டாள்.

"எம்பேரு முருகவேலுங்க. குண்டடத்துல விவசாயம். எந்தங்கச்சி ஊட்டுக்காரரு கிட்டுசாமி நேத்துக் காலையில மயில்கரட்டுக் கோயிலுக்குப் போற விஞ்ச்சு ரயில்ல ஏறுனாருங்க. மேல போய் இறங்கவே இல்லீங்க."

தண்டாயுதபாணி செய்தித்தாளை மடித்து வைத்தார். மின்வாரியத்தில் இருந்து முப்பது வருடம் மின்திருட்டுப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு திருப்பூரில் யாருக்கு என்ன மர்மம் என்றாலும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். வருகிறவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பாதி முடிச்சை அவிழ்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வது மனைவி சாரதாமணியின் வழக்கம்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மேலதானுங்க, பார்த்துக்கிட்டே நின்னேன். நடுவுல கரண்ட் போயி அஞ்சு நிமிசம் நின்னுது. அப்புறம் வந்து சேர்ந்துது. கதவு வெளியில தாழ் போட்டபடியே இருக்குது, உள்ள ஆளைக் காணோம். கரட்டையெல்லாம் தேடிட்டோமுங்க. போலீசெல்லாம் வேண்டாமுங்க, தங்கச்சி பயந்துருவா. அவரு எங்க இருக்காருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

முருகவேலின் காரிலேயே மூவரும் கிளம்பினார்கள்.

மயில்கரடு உயரமில்லை, ஆனால் சுவர் மாதிரிச் செங்குத்து. அதன் மேல் சாய்த்து வைத்த ஏணியைப் போல இரண்டு தண்டவாளப் பாதைகள் ஏறின. அடிவாரத்தில் பூக்கூடையோடு இருந்த ரங்காத்தாள் தினமும் விஞ்ச்சில் மேலே போய் வருபவள். நேற்றும் அதே வண்டியில் இருந்திருக்கிறாள்.

"எனக்குப் பின்னால இருந்த கடைசி அறையில அவரு மட்டுந்தானுங்க. அந்த வெயில்ல தலையில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு இருந்தாரு. என்னைத் தாண்டிப் போறப்பக் கம்முனு சந்தன வாசம் அடிச்சுது."

"வண்டி நின்னப்ப என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார் தண்டாயுதபாணி.

"உசுரைக் கையில புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டனுங்க. இறங்குற வண்டியில இருந்த ஒரு அம்மா சன்னல் வழியா விபூதி குடுத்து, பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுச்சுங்க, அதைக் கேட்டுக்கிட்டே உக்கார்ந்திருந்தேன்."

தண்டாயுதபாணி தலையாட்டினார். முருகவேல் பொறுமையில்லாமல் டிக்கெட்டை நீட்டினார்.

பெட்டிக்குள் மூவரும் ஏறியதும் வெளியே தாழ் விழுந்தது. வண்டி குலுங்கிக் கிளம்பியபோது எதிரே இருந்த முருகவேல் அவள் பக்கம் சரிந்தார். அவர் இடுப்பில் நீளமாக, கெட்டியாக ஏதோ ஒன்று அவள் முழங்காலில் இடித்தது. அவர் சட்டென்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏனுங்க, கயிறு அறுந்தா என்னங்க ஆகும்?" என்று அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுந்து போகாது. ரெண்டு வண்டியும் ஒரே கயித்துலதான் தொங்குது. இது ஏறினா அது இறங்கும். சரியா நடுவுல மட்டும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மேலிருந்து இறங்கும் வண்டி வந்துவிட்டது. "அரோகரா!" என்று இரண்டு வண்டிகளிலும் குரல் எழுந்தது. கை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு பக்கம். எதிர் சன்னல்களில் வரிசையாக மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல்.

சாரதாமணிக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று வண்டி நின்றது இதே இடத்தில்! இல்லாவிட்டால் விபூதி எப்படிக் கைமாறும்? சன்னல் வழியே கைவிட்டால் தாழை எடுக்கலாம், மறுபடி போடலாம். துண்டுக்குள் இருந்தது சந்தனம் பூசிய மொட்டை! துண்டை அவிழ்த்து எதிர் வண்டிக்கு மாறினால் கீழே இறங்கும் மொட்டைகளில் அவரும் ஒருவர்!

"ஏனுங்க, அவரு இந்த வண்டியில இருந்து..." என்று ஆரம்பித்தவளின் கால்விரலைத் தண்டாயுதபாணியின் குதிகால் நசுக்கியது. வலியில் கண்ணீரே வந்துவிட்டது. நிமிர்ந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. இப்போது பயந்திருந்தார்.

"என்னங்க சொன்னீங்க? வண்டியில இருந்து என்ன?" முருகவேல் முன்னால் குனிந்தார். இப்போது அவர் கண்ணில் அழுகை இல்லை.

கதவு வெளியே பூட்டியிருக்கிறது. கீழே பாறை. முழங்காலில் இடித்தது என்ன என்று இப்போதுதான் உறைத்தது.

"விழுந்துட்டாருன்னு... சொல்ல வந்தனுங்க. எனக்கு மயக்கமா வருதுங்க." மயக்கம் என்றது மட்டும் பொய்யில்லை.

"அதேதானுங்க," என்றார் தண்டாயுதபாணி நிதானமாக. "மேற்கால ஒரு பள்ளம் தெரியுது பாருங்க, முள்ளுக்காடு. நின்ன நேரத்துல இறங்கப் பார்த்துச் சறுக்கி விழுந்திருப்பாரு. இன்னும் ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தேடுங்க."

மீதி ஏற்றம் மூன்று நிமிடம்தான். சாரதாமணிக்கு அது ஒரு பகல் போல நீண்டது. மேலே இறங்கியதும் முருகவேல் போனில் யாரையோ அழைத்துக்கொண்டே பள்ளத்தை நோக்கி ஓடினார். அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"குண்டடத்து விவசாயிக்குக் குதிகால்ல ஏது நீலம்?" என்றார் தண்டாயுதபாணி மெதுவாக. "அது சாயப்பட்டறைத் தரையில நடந்து நடந்து வெடிப்புல ஊறுன சாயம், எந்தச் சோப்புக்கும் போகாது. மலையில சந்தேகமில்லாம சுத்தறதுக்கு விரத வேசம் போட்டான். விரதம்னா செருப்பைக் கழட்டணும். கழட்டுனதும் காலே காட்டிக் குடுத்துருச்சு. காலையில இருந்து கிட்டுசாமி உசுரோட இருக்காரான்னு ஒரு வார்த்தை கேட்டானா? எங்கேன்னு மட்டும்தானே கேட்டான்."

"தெரிஞ்சுமா அவன் கூடக் கார்ல வந்தீங்க?"

"கார்ல சந்தேகந்தான் இருந்துது. அவன் இடுப்புக் கத்தி உன் முழங்கால்ல இடிச்சதைப் பார்த்தப்பத்தான் நிச்சயமாச்சு."

விஞ்ச்சை ஓட்டும் நித்தீஷ் மோட்டார் அறையில் இருந்தான். எதைக் கேட்டாலும் கரண்ட் போச்சு என்பதையே திருப்பிச் சொன்னான்.

"கரண்ட் போயிருந்தா ஸ்பீக்கர்ல பாட்டு எப்படிப்பா ஓடும்? ரெண்டுக்கும் ஒரே லைன்தான், வர்றப்பவே கம்பியைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

நித்தீஷ் கையெடுத்துக் கும்பிட்டான். "காட்டிக் குடுத்துறாதீங்க சாமி. அவரு எங்கப்பாவோட சிநேகிதருங்க. சாயப்பட்டறையில ராத்திரியில சாயத்தண்ணியை ஆத்துல விட்டதைப் பார்த்தவரு. இன்னைக்கு மூணு மணிக்குக் கோர்ட்டுல சாட்சி. நேத்துப் பட்டறை ஆளுக துரத்திக்கிட்டு வந்தானுங்க, மேலயும் கீழயும் ஆள் நின்னுது. அடிவாரத்துல மொட்டை போட்டுக்கிட்டு எனக்குப் போன் பண்ணினாரு. நாந்தான் நடுவுல நிறுத்துனேன். இப்ப அடிவாரத்துல எங்க ஊட்டுல இருக்காருங்க."

சாரதாமணி கணவர் பக்கம் திரும்பினாள். "நாமதான் அவனைக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல விட்டுட்டோமா?"

தண்டாயுதபாணி தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர் கிருத்திகாவுக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடத்தில் ஜீப் வந்தது. முள்ளுக்காட்டுப் பள்ளத்தில் கத்தியோடு முருகவேலையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்தார்கள். அடுத்த வண்டியிலேயே கீழே இறங்கி, ஜீப் வரும்வரை சாரதாமணி நித்தீஷ் வீட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். ஒல்லியான அவள் எந்தக் கத்தியைத் தடுத்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கதவைத் திறந்தபோது மூலையில் கிட்டுசாமி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை வியர்த்திருந்தது.

"பட்டறை ஓனர் இன்னும் வெளியில இருக்கான். பயமா இருந்தா இன்னைக்கு வேண்டாம். வேற தேதி கேட்டு வாங்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

கிட்டுசாமி சுவரைப் பிடித்து எழுந்தார்.

"பயமாத்தானுங்க இருக்குது. எங்கூட்டுப் போர்வெல்லுல செகப்பா தண்ணி வருதுங்க. எம்பேத்தி அதைத்தான் குடிக்கிறா." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "மணி என்னங்க ஆச்சு? நேரமாயிருமுங்க, போலாம்."