பேர் கூப்பிடும் பனி

"அந்தக் குரல எடுத்துருங்கன்னு சொல்றேன்ல..."

"எடுத்தா கேமே இல்லடி, சொல்றதக் கேளு..."

"எங்க அக்கா சாகுறப்ப பேசினதுங்க அது!"

"அதனாலதான் கேக்குறவன் நடுங்குறான்!"

பூரணி ஸ்பீக்கரைக் கையால் பொத்தினாள்.

மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் விட்டுப்போன பழைய வீட்டுக்கு அவர்கள் குடிவந்து அதிக நாளாகவில்லை. பட்டப்பகலிலேயே தேயிலையை விழுங்கிவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது பனி. புருஷன் தர்ஷன் செய்த கம்ப்யூட்டர் பேய் விளையாட்டை இன்று மாலை கொழும்புக்காரன் ஒருவன் வாங்கப் போகிறான். அதில் பேசும் பேய், மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளோடு புதைந்த அக்கா கோகிலா. தங்கையின் போனுக்கு அவள் கடைசியாக அனுப்பிய குரல்: "பூரணி, கதவு தொறக்கலடி... இருக்கியா?"

"ஒனக்கு வெளங்காது," என்றான் தர்ஷன். "மொதல்ல பேய் கேமுக்குப் படமே இல்ல. கறுப்புத் திரையில எழுத்து மட்டும். 'இருட்டு ரூமுல நிக்கிற'ன்னு போட்டிருக்கும், வாசிச்சவன் தானாப் பயந்தான். அப்புறம் கட்டங்கட்டமாப் பேய். அப்புறம் பனி. தூரத்துல உள்ளத வரைய மெசினுக்குத் தெம்பில்ல, அத மறைக்கப் பனியப் போட்டானுங்க. பேயவிட பனிக்குத்தான் சனம் பயந்துச்சு! பெறகு ஆடுறவன் கையில இருந்த துவக்கயும் புடுங்கிட்டானுங்க, சுட முடியாது, ஓடி ஒளியத்தான் முடியும். இப்ப என் கேமுல மைக். பேய் ஆடுறவன் பேரக் கூப்பிடும். பதில் சொன்னா புடிக்க வந்துரும்."

"நம்ம பனிக்குள்ள ஆளுக செத்துக் கெடக்குறாங்க."

அவன் சிரித்தான். அவளுடைய போனை எடுத்து, அந்தக் குரலைத் தேடி அழித்துவிட்டு மேசையில் போட்டான்.

"இனி அக்கா வேணும்னா வெளையாடித்தான் கேக்கணும்."

பூரணி அழவில்லை. அவனை இடித்துத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த குரலையும் அழித்தாள். அக்காவின் தொண்டையைத் தானே நெரித்ததுபோல் இருந்தது.

"பைத்தியக்காரி! வேற காப்பி இல்லடி!"

"தெரியும்."



ஈரமண் வாடை வந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"தர்ஷன்!"

கோகிலாவின் குரல். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டது விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதிய ஆள் கூப்பிடுகிற தொனியில். பெரட்டில் பதில் சொல்லாதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை, வேலையும் இல்லை. கம்ப்யூட்டரைத் தொடுமுன் மலையில் வருசக்கணக்காகப் பேர் கொடுத்த நாக்கு அவனுடையது. அவன் யோசிக்கும் முன்னே அது புரண்டது.

"இருக்கேங்க!"

சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது. பூரணியின் கையைப் பிடிக்க வந்தான்.

கை வந்து சேரவில்லை.

அவன் நின்ற இடம் காலி, நாற்காலி மட்டும் மெல்லச் சுழன்றது. திரையில் பனி. அதற்குள் தர்ஷனின் சட்டையில் ஓர் ஆள் முதுகைக் காட்டி நின்று, மூடிய லயத்துக் கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. கதவின் அடியிலிருந்து சேறு ஏறிற்று. முழங்கால். இடுப்பு. கழுத்து.

பதில் எதுவும் வந்துவிடாமல், பூரணி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் அக்கா கொஞ்சலாகப் பேசினாள்.

"பூரணி... மாப்பிள்ளைக்கு ரொம்பக் குளிருதாம்டி. கம்பளிய எடுத்துக்கிட்டு வாறியா?"