பதவி இறங்காத உடையார்

செத்துப்போன உடையார் இன்னும் பதவியில்தான் இருந்தார்.

விதுசன் கணினித் திரைக்குக் கிட்டக் குனிந்து மறுபடியும் பார்த்தான். குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டும் விளையாட்டு அது. அதன் கோப்புகளைத் திறந்து எழுதத் தெரிந்தவன் அரசனையே மாற்றலாம். அவன் பழைய பிரபுக்களைத் தூக்கிவிட்டு மணியகாரர், விதானையார், எல்லாருக்கும் மேலே ஓர் உடையார் என்று அந்தக்கால ஊர்த்தலைமைப் பதவிகளை எழுதியிருந்தான். உடையார்கட்டு என்ற ஊரில் இருந்துகொண்டு உடையார் இல்லாமல் கோட்டையா! தனிப் படுக்கையறை, சாப்பாட்டறை, செத்தால் கல்லறை, பதவிக்கு ஒரு வாரிசு, இத்தனையும் கேட்டு வாங்கும் உரிமையை உடையாருக்குக் கொடுத்தான். மத்தியானம் உடையார் நோயில் விழுந்து செத்தார். குள்ளர்கள் புதைத்தும் விட்டார்கள். ஆனாலும் அவர் பெயருக்கு நேரே, 'வாரிசு வேண்டும்' என்று சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே மாரி மழை ஓயாமல் தகரத்தில் கொட்ட, பின்னேரமே இருண்டுபோன வீட்டுக்குள், ஊறப்போட்டு மறந்த நெல்லின் புளித்த வாடையும் அதற்கு அடியில் இனிப்பாகத் தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வேறொரு வாடையும் மெல்ல மெல்ல ஏறி வந்தன. எச்சில் விழுங்கவே அவனுக்கு அருவருத்தது. எங்கேயோ எலி செத்திருக்க வேண்டும்.

"தர்சினி, ஏதோ நாறுதெல்லே?"

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையப்பா," என்றாள் மனைவி, குசினி அடுப்படியிலிருந்து.

சிவதர்சினி பிள்ளைத்தாச்சி. வெங்காயம் தாளித்தாலே கிணற்றடிக்கு ஓடுகிறவள், கஞ்சித்தண்ணீர்கூட வயிற்றில் தங்காதவள். இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து, ஒரு வாய் சாப்பிடும் என்று அவளைக் கெஞ்சிக்கொண்டே இருந்தான். அவளுக்கா மணக்கவில்லை?

கோப்பைத் திறந்து பிழையைத் தேடினான். பதவியிலிருந்து போகிறவர் சொல்லும் வாசகத்தில் கண் நின்றது. 'போட்டு வாறன்.' புறப்படும்போது சொல்கிற வாய்ப்பழக்கத்தில் எழுதியது. செத்தவீட்டுக்குப் போனவர்கள்கூடச் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. 'வாறன்' என்ற சொல்லே அங்கே எழக்கூடாது. அவனோ அதைப் பிணத்தின் வாயில் வைத்திருந்தான்.

அழித்தான். சேமித்தான். சரிபார்க்க மறுபடியும் திறந்தான்.

அந்த இடத்தில், அவன் எழுதாத ஒரு சொல் இருந்தது. 'வந்திட்டன்.'

குசினியில் சாப்பாட்டுமேசைக் கதிரை இழுபட்டது. பிறகு ஈரமாக எதையோ பிசைகிற சத்தம். சப்புகிற சத்தம்.

"என்ன செய்யிறீர்?"

"சாப்பிடுறன். நல்லாப் பசிக்குதப்பா."

ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாப்பிடுகிறாள்! அடுத்த மூச்சில் நாற்றம் மூக்கில் அடித்தது. குமட்டிக்கொண்டு வர, வாயைப் பொத்தியபடி எழுந்தான். நடையில் சேறு. கல்லறை மண்ணின் சேறு. காலில் பிசுபிசுத்தது. அதில் ஏதோ நெளிந்தது.

குசினி வாசல்.

கதிரையில் இருந்தது பெரிய மனிதர் மாதிரி நிமிர்ந்து இருந்தது. முகத்தோல் கழன்று நாடிக்குக் கீழே தொங்கியது. தட்டில் சோற்றைக் குழைத்தது. குழைக்கக் குழைக்க விரற்சதை சோற்றோடு போனது. ஒரு நகம். புழுக்கள். எல்லாவற்றையும் சேர்த்து உருட்டியது.

சிவதர்சினி அதன் காலடியில் இருந்தாள். குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

"இன்னும் தாங்கோ ஐயா."

மற்றக் கை அவள் வயிற்றில் கிடந்தது. தடவிக்கொண்டிருந்தது.



அவள் விழுங்கினாள். அவளுடைய வயிற்றுக்குள்ளேயும் யாரோ சப்புகிற சத்தம் கேட்டது.