எடை கொடுத்தல்

புஷ் மாற்றிய காரை லிஃப்டிலிருந்து இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் ஊன்றிய பிறகுதான் மெக்கானிக் சரவணவேல் போல்ட்டுகளை முழுதாக முறுக்குவார். அதற்குமுன் காருக்கு உரியவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும். பீளமேட்டுப் பட்டறைகளில் அதற்கு எடை கொடுத்தல் என்று பெயர்.

புஷ் என்பது சஸ்பென்ஷன் மூட்டுகளில் அமரும் நினைவு ரப்பர். அது அந்த எடையிலிருந்துதான் ஆளைக் கற்கத் தொடங்கும். சில நாள் ஓட்டிப் பழக்கினால் போதும். பிறகு ஸ்டியரிங்கை யாரும் தொடுவதில்லை. உரியவர் எப்படி ஓட்டுவாரோ, கார் அப்படியே ஓடும்.

இந்தச் சிவப்புப் பந்தயக் கார் இளங்கதிரிடம் கற்றது. வளைவு வந்தாலும் அவன் பிரேக்கைத் தொடமாட்டான். போன மாசியில் கார் அவனைப்போலவே தயங்காமல் பந்தயத் தடத்தின் சுவரில் போய் மோதியது. காரை மட்டும்தான் சரிசெய்ய முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே தடத்தில் அவன் அக்கா நிவேதினி போகிறாள். அதற்காகத்தான் இன்னும் கடினமான புதுப் புஷ்கள்.

கடைசிப் புஷ்ஷைக் கழற்றும்போது அவள் கேட்டாள்: "பழசையெல்லாம் என்ன பண்ணுவீங்கண்ணா?"

"உருக்கிருவோமுங்க."

"இது ஒன்னு மட்டும் உள்ளயே இருக்கட்டுமே. அவன் வேற எங்கயும் இல்லீங்ணா."

"கலந்து போடக் கூடாதுங்க அம்மிணி. பழசு புதுசுக்குச் சொல்லிக் குடுத்துரும்."

"என்னத்தச் சொல்லிக் குடுக்கும்? தொப்புன்னு உக்காரத்தான். சீட்டு பிஞ்சிரும்டா எருமைன்னு எத்தன நாள் திட்டியிருப்பேன்."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சரவணவேல் அந்த ஒன்றை விட்டுவிட்டார்.

கார் இறங்கியது. "ஏறுங்க. மூச்சை அடக்காதீங்க, அப்புறம் காரும் மூச்சுப் பிடிச்சுக்கிட்டே ஓடும்."

அவள் எடை கொடுத்தாள். அவர் முறுக்கினார். இறங்கிக் கதவைச் சாத்தினாள். சுமை நீங்கிய கார் மெல்ல நிமிர்ந்தது.

அப்புறம் ஓட்டுநர் பக்கம் தொப்பென்று அமிழ்ந்து, ஒருமுறை துள்ளி, அடங்கியது. நெடுங்கால்களுக்கு இடம்விட்டு இருக்கை தானே பின்னால் நகர்ந்தது.

சரவணவேல் ஸ்பேனரை எடுத்தார். "இப்பவே கழட்டிர்றனுங்க."

நிவேதினி அதற்குள் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, இறங்குங்க! வளைவுல அது நிக்காதுங்க!"

"தெரியுமுங்ணா." வெற்று இருக்கையைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்குப் பக்கத்துல திட்டறதுக்கு ஆளில்லீங்களே."

இன்ஜின் தானாக உறுமியது.