கேனைத் தட்டிப் பார்க்கிறவர்

சிமெண்டுத் தரையில் சிந்தின பெட்ரோல் ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. மூடுபனி முழங்கால் வரை இறங்கியிருந்தாலும் அது தன்பாட்டுக்கு ஆவியாகிப் போய்விடும். அன்றைக்குச் சில்வஸ்டர் தன் பச்சை ஜீப்பைப் பங்க்குக்குள் விட்டு இறங்கியபோது தரையில் அந்த ஈரம் இருந்தது. நீள்சதுரமாக, யாரோ ஒரு கேனை வைத்து எடுத்த தடம். அவர் டேங்கை நிரப்பி, டயருக்குக் காற்றுப் பிடித்து, எதிரே இசக்கியம்மா கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகும் அது காயவில்லை. மத்தியானத்திலிருந்து வேறு வண்டியே வரவில்லை என்று பங்க்கில் வேலை பார்க்கிற பாண்டியராஜ் சொன்னான். தடத்தின் ஒரு மூலை மட்டும் நசுங்கினாற்போல் உள்வாங்கி இருந்தது.

மூலை நசுங்கின கேன் சுஜித்தினுடையது. சுஜித் செத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

பிக்கட்டியைத் தாண்டி மேலே காட்டுப் பாதையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகிற ஜீப்காரர்களுக்கு அதுதான் கடைசி பங்க். அதனால் ஒவ்வொரு ஜீப்பிலும் இருபது லிட்டர் இரும்புக் கேன் ஒன்று இருக்கும். சேற்றில் மாட்டின காரைக் கயிறு கட்டி மேட்டில் இழுத்தால் வண்டி இரண்டு மடங்கு எண்ணெய் குடிக்கும். கேன் இல்லாமல் போனவன் யானைக்குத் துணையாக மேலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். கேனுக்குச் சில சட்டங்கள் உண்டு. தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். கழுத்து வரை நிரப்பக் கூடாது, மூன்று விரல் அளவாவது வெற்றிடம் வேண்டும். மூடிக்குள் ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டிக்கு வெளியே பின்பக்க ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஆள் உட்கார்கிற இடத்தில் வைக்கவே கூடாது.

சட்டம் போட்டவர் சில்வஸ்டர். இருபது வருஷமாக மேலே போகிற டிரைவர்கள் எல்லாரும் கேனை அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் குனிந்து விரல் முட்டியால் மேலும் கீழுமாகத் தட்டிப் பார்ப்பார். மூடியை முகர்வார். பிறகு நிமிர்ந்து, "போலாம்" என்பார். அந்தச் சொல்லை வாங்காமல் யாரும் ஏறுவதில்லை. சாமியார் தீர்த்தம் தெளிக்கிறாரு என்று இசக்கியம்மா கேலி செய்வதுண்டு.

அந்த 'போலாம்' ஒன்றுதான் கடைசியில் அவரிடம் மிஞ்சியது. கூடலூர்ப் பக்கமிருந்து சுஜித் வந்து சேர்ந்தபின் மற்றதெல்லாம் கைவிட்டுப் போய்விட்டது. சிவப்பு ஜீப், முன்னால் மாட்டின வண்டியை இழுக்கிற வின்ச், வாய் கொள்ளாத சிரிப்பு. எட்டே மாதத்தில் எஸ்டேட் துரைமார் முதல் கோவில் கமிட்டி வரைக்கும் எல்லாருக்கும் அவன்தான் வேண்டும். கேத்தியில் ஒரு ரிசார்ட்டில் புக்கிங் பார்க்கிற சொந்த மகள் கெஸியாவே, "சுஜித் அண்ணன் வண்டியத்தான் கேக்கறாங்கப்பா, நான் என்னங்க பண்றது?" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சில்வஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் சுஜித் கேனை அவர் முன்னால் வைத்தான். எங்கே தட்டினாலும் ஒரே மொத்தைச் சத்தம். கழுத்து வரை நிரப்பியிருந்தான். மூடியில் வாஷர் இல்லை, வாசம் குப்பென்று ஏறியது. பின்பக்க ஸ்டாண்டு உடைந்து தொங்கியது, ஆக பின் சீட்டில்தான் வைப்பான். இதெல்லாம் சில்வஸ்டருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தார். அப்போது பார்த்து அவன் போன் அடித்தது. கெஸியா. இன்னொரு புக்கிங். "சரி தங்கச்சி, நீ சொன்னா சரி" என்று அவன் சிரித்தான். சில்வஸ்டர் நிமிர்ந்தார். "போலாம்" என்றார்.

பனிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பான். உள்ளே ஆவி சேர்ந்திருக்கும். சிகரெட் பழக்கம் வேறு. மறுநாள் ஜீப்பின் இரும்பும் கருகின எலும்பும்தான் கிடைத்தன. விதி என்றார்கள் எல்லாரும். சில்வஸ்டரும் தலையை ஆட்டினார்.

செத்த பிறகாவது ஓய்ந்ததா என்றால் இல்லை. பங்க் முக்கில் கட்டின கண்ணீர் அஞ்சலி பேனரில் அவன் அதே சிரிப்போடு நின்றான். இழுவைக்குக் கூப்பிட்டவர்கள், "அந்தப் பையன் இருந்திருந்தா இந்நேரம் வந்திருப்பானுங்க" என்றார்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைச் சில்வஸ்டர் எண்ணிப் பார்த்தார், நம்முடையதுக்கு இதில் பாதி வருமா என்று. செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

ஈரத் தடத்தைப் பார்த்த மறுநாள் மூன்று மணிக்கே பங்க்கில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அப்படி ஒரு பனி. கீழே டீ ஃபாக்டரியில் இலை வறுபடுகிற வாசமும் சாலையோரக் கற்பூர மரங்களின் வாசமும் பனியோடு கலந்து மூக்கை அடைத்தன, எங்கோ கேரட் கழுவுகிற மெஷினின் சத்தம் ஒரு சமயம் பக்கத்திலும் ஒரு சமயம் மலைக்கு அந்தப் பக்கத்திலுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு இன்ஜின் சத்தம் பிரிந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றது. அந்த இன்ஜினை அவருக்குத் தெரியும். எட்டு மாதம் எரிச்சலோடு கேட்ட சத்தம்.

சிவப்பு ஜீப். இறங்கியது சுஜித். தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல், ஒரு குறையும் இல்லாமல் இருந்தான். பனியில் சில்வஸ்டரின் மூச்சு புகையாக வந்தது. அவன் வாயருகே ஒன்றுமில்லை.

கேனை அவர் காலடியில் வைத்தான்.

"பாத்துச் சொல்லுங்ணா."

சில்வஸ்டர் உட்கார்ந்தார். கை தானாகத் தட்டியது. மொத்தைச் சத்தம். வாஷர் இல்லாத மூடி. அதே வாசம். சொல்லிவிடலாம். இருபத்திரண்டு ராத்திரியும் படுக்கையில் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான்: தம்பி, பாதி இறக்கு, மூடிய மாத்து, இத உள்ள வெக்காத. கடவுள் இன்னொரு தடவை கேட்க விட்டிருக்கிறார் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

பின் சீட்டில் நிழலாக நாலைந்து பேர். கலகலவென்று சிரித்தார்கள். "எங்களுக்கு சுஜித் வண்டிதான் வேணும்னு அப்பவே சொல்லிட்டோம்" என்றது ஒரு பெண் குரல்.

மறுபடியும் அந்தப் பழைய பொறாமை. ஒரு நொடிதான்.

"போலாம்" என்றார் சில்வஸ்டர்.

ஜீப் பனிக்குள் ஏறிப் போனது. இசக்கியம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ஏனுங், ஆருக்குப் போலாம் சொல்றீங்க? ஒருத்தரையுங் காணோமே."

அரைமணி நேரம் கழித்து மேலே, காட்டுப் பக்கம், பனியின் வயிற்றுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பொங்கி மெதுவாக அடங்கியது. இசக்கியம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டுதான் பாலை ஆற்றினார். அந்தம்மா கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கெஸியா போன் செய்தாள். சனிக்கிழமை ரிசார்ட் ஆட்கள் நாலு பேர் மேலே போகிறார்கள், அவளும் கூட வருகிறாள், பஸ்ஸில் பிக்கட்டி வந்து இறங்குவார்கள்.

"உங்க வண்டிதாங்கப்பா சொல்லிருக்கேன். வேற ஆரையும் கேக்கல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல், பிரேக் சரியில்லை, ஏதாவது. ஆனால் மகள் வாயால் அந்த வார்த்தையைக் கேட்க எட்டு மாதம் காத்திருந்தவர் அவர். "சரி கண்ணு" என்றார். குரலில் சந்தோஷம் வேறு.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே பங்க்குக்கு வந்துவிட்டார். தன் கேனைத் தானே மூன்று தடவை தட்டிப் பார்த்தார். மூன்று விரல் வெற்றிடம், புது வாஷர், இறுக்கின பெல்ட். சிவப்பு ஜீப் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, மகள் நம் வண்டியில் ஏறிவிட்டால் போதும், அப்புறம் எவன் கேனை நீட்டினாலும் நமக்கென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பனி சாலையை மூடியது. பேனரை மூடியது. எதிரே இசக்கியம்மா கடையின் பல்பு மஞ்சளாகக் கொஞ்ச நேரம் தெரிந்து அதுவும் போனது.

போன் அடித்தது.

"பஸ் ஸ்டாப்ல எறங்கிட்டோமுங்கப்பா. ஒரே பனி, ஒண்ணும் தெரியல. உங்க வண்டி லைட்டு மட்டும் தெரியுது. ஏறிக்கறோம்."

சில்வஸ்டர் திரும்பித் தன் ஜீப்பைப் பார்த்தார். அது அங்கேதான் நின்றது. பூட்டி. சாவி அவர் கையில்.

"கெஸியா, ஏறாத. கண்ணு, அது நம்ம வண்டி இல்ல."

போனில் கதவு சாத்துகிற சத்தம். யாரோ ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். லைன் போய்விட்டது.

பஸ் ஸ்டாப்பிலிருந்து பங்க்குக்கு நடந்தாலே மூன்று நிமிஷம். அவர் ஓட ஆரம்பிக்கும் முன்பே இன்ஜின் சத்தம் வந்துவிட்டது. விளக்கு இரண்டும் பனியைப் பிளந்து வந்து அவர் முகத்தில் நின்றன.

சுஜித் இறங்கினான். கேனை வைத்தான்.

"பாத்துச் சொல்லுங்ணா."

சில்வஸ்டர் கேனைத் தொடவில்லை. நேரே பின் கதவுக்குப் போனார். கைப்பிடி பனிக்கட்டியாக இருந்தது. இழுத்தார். வரவில்லை. முக்கால்வாசி ஏறியிருந்த கண்ணாடியைத் தட்டினார். உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. ஒரு கை அந்த ஆவியைத் துடைத்தது.

கெஸியா.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டிச் சுஜித்தைப் பார்த்தாள், அவன் செத்ததே நினைவில் இல்லாதவள்போல. அவன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர. தன் வண்டியில் ஒரு நாளாவது அவள் அப்படிச் சிரித்ததுண்டா? சின்ன வயசில்கூட இல்லை. அப்பா வண்டியில் ஏறினால் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. இறக்கு. அவளை இறக்கு. கேனை உள்ளே வைக்காதே.

ஒரு நொடி. அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியாமல் போன ஒரே ஒரு நொடி.

"போலாம்."

சொன்னது தன் வாய்தான் என்று தெரிய இன்னொரு நொடி ஆனது. அதற்குள் சுஜித் கேனை எடுத்துப் பின் கதவைத் திறந்து நீட்டினான். அவருக்குத் திறக்காத கதவு. கெஸியா இரண்டு கையையும் நீட்டி அதை மடியில் வாங்கிக்கொண்டாள். மூடி ஓரத்தில் வழிந்ததைச் சுடிதார்க் கையால் துடைத்தாள்.

இல்லை என்று கத்தினார் சில்வஸ்டர். அது "போலாம்" என்று வந்தது.

நிறுத்து என்றார். "போலாம்."

வாயைக் கையால் பொத்தினார். கைக்குள்ளும் அதே சொல். ஜீப் நகர்ந்தது. ஓடினார். செருப்புக் கழன்றது. மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஏசுவே என்றார், அம்மா என்றார். "போலாம். போலாம். போலாம்."

உள்ளே குளிர்ந்திருக்க வேண்டும். பின் கண்ணாடி மெதுவாக ஏறி இறுக மூடிக்கொண்டது. முன்னால் சுஜித்தின் வலது கை ஸ்டியரிங்கை விட்டுச் சட்டைப் பைக்குள் போனது.

அப்போதுதான் கெஸியா அவரைப் பார்த்தாள். பனியில் வெறுங்காலோடு வண்டிக்குப் பின்னால் ஓடிவருகிற அப்பாவை, அவர் வாய் திரும்பத் திரும்பச் சொல்வதை. மடியிலிருந்த கேனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி, சந்தோஷமாக அவருக்கு டாட்டா காட்டினாள்.