நடுவரின் நெஞ்சுக் கேமரா

விசாரணைக்கு டெர்ரி ஸ்டாக்டேல் கல்யாண வீட்டுக்கு வருகிறவனைப் போல வந்தான். கையில் பாதி குடித்த பியர், பின்னால் இரண்டு அடிப்பொடிகள். ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து அணி ஒன்றின் மேலாளர் அவன். நாலடி ஓடினால் மூச்சு வாங்கும், வாய் மட்டும் உலகக் கோப்பை ஆடும். இந்த மாதிரிப் பிறவிகளுக்குப் பயந்துதான் எங்கள் லீக்கில் நடுவர்களின் நெஞ்சில் கேமராவைக் கட்டிவிட்டோம்.

டீஸ் ஆற்றங்கரை மைதானத்தை ஒட்டிய கிளப்பின் மாடி அறை. மதியம்தான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் கோல் கம்பம்கூடத் தெரியவில்லை. விசாரிப்பவர்கள் மோரீனும் நானும். ஆட்டத்தின்போது டெர்ரி தன்னை மிரட்டினான் என்று புகார் கொடுத்த நடுவர் ஹெஸ்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கேமராவை மேசைமேல் வைத்து, ஒயரால் டிவியோடு இணைத்திருந்தோம். குற்றம் நிரூபணமானால் டெர்ரிக்கு ஆயுள் தடை.

ஏற்கெனவே ஒரு முறை தப்பித்தவன். போன குளிர்காலத்தில் வில்ஃப் என்ற வயதான நடுவர் இவனுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். இவன் வெளியேறவில்லை. மூஞ்சியோடு மூஞ்சி வைத்துக் கத்தி, அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான் என்று ஊரே பேசியது. வில்ஃப் தூக்கிய அட்டையோடு விழுந்தார், எழவே இல்லை. "நான் தொடவேயில்ல" என்று இவன் சாதித்தான். அணி மொத்தமும் வெட்கமில்லாமல் தலையாட்டியது. அன்று கேமரா கிடையாது.

"போடுங்கம்மா படத்தை," என்றான் டெர்ரி. "நான் அழகா விழுந்திருக்கேனான்னு பாக்கணும்."

மோரீன் போட்டாள்.

"கேமராவை ஆன் பண்றேன் டெர்ரி, தள்ளி நில்லுங்க," என்றது ஹெஸ்டரின் குரல். திரை முழுக்க அவன் சிவந்த முகம், தெறிக்கும் எச்சில். "விசில் ஊதவே வக்கில்ல, நெஞ்சுல டிவி ஒரு கேடா உனக்கு?"

சட்டென்று அவன் வாய் நின்றது.

பார்வை ஹெஸ்டரின் தோளைத் தாண்டிப் போனது.

"நீதான் செத்துட்டியே," என்று திரையில் முனகினான்.

ஹெஸ்டரின் கைகள் இரண்டும் படத்தில் தெரிந்தன. ஒன்றில் விசில், இன்னொன்றில் பேனா. அவள் தோளுக்கு மேலாக மூன்றாவது கை ஒன்று மெல்ல நீண்டது. தோல் சுருங்கிய கை. அதில் சிவப்பு அட்டை.

"அன்னைக்கு எனக்குப் பின்னாடி யாருமே இல்லையே," என்றாள் ஹெஸ்டர், எங்களிடம்.

படம் தானாக மாறியது. ஓர் அறை. டிவி பார்த்துக்கொண்டிருக்கும் முதுகுகள். நடுவில் டெர்ரியின் வழுக்கை விழுந்த பின்னந்தலை.

இந்த அறைதான்.

இந்த நிமிடம்தான்.

திரும்பிப் பார்த்தோம். வெறும் சுவர். ஈரமண் வாடையும் வலித்தைல நெடியும் மூக்கில் ஏறின. திரையில் மட்டும் அந்தக் கை டெர்ரியின் தலைக்கு மேல் அட்டையைத் தூக்கியது. அடிப்பொடிகள் கதவைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்துகிற வீரர்கள்.

"தள்ளினேன்னு ஒத்துக்கோ டெர்ரி," மோரீன் கிசுகிசுத்தாள். "சொல்லிடுப்பா."

அந்த நேரத்திலும் திமிர் அடங்கவில்லை. "கிழம் தானா விழுந்துச்சு. நான் எதுக்கு ஒத்துக்கணும்?"

கை வாசலைக் காட்டியது. கால்பந்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி: வெளியேற்றப்பட்டவன் போய்த் தொலைகிறவரை ஆட்டம் தொடராது.

அவன் எழுந்தான். கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

கேமரா எங்கள் மேசையில்தான் கிடந்தது. ஆனாலும் திரையில் அவன் முதுகு, படிக்கட்டில், புல்லில், பனியில். நின்று திரும்பினான். கை இன்னும் அப்பால் காட்டியது.

"இன்னும் எவ்வளவு தூரம்யா போறது?" என்று அழுதான்.

எனக்குப் பரிதாபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டினான். ஆற்றங்கரை வந்தது. கை தாழவில்லை.

ஜன்னலைத் திறந்து, "டெர்ரி, நில்லுய்யா!" என்று கத்தினேன்.

தண்ணீரில் ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, ஒரு ஆட்டக்காரனும் இல்லாத அந்த மைதானத்தின் நடுவிலிருந்து, ஆட்டம் தொடரலாம் என்று ஒரு விசில்.