அறுபத்து நாலில் ஒருத்தன்

பிணம் கீபோர்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

பக்கத்தில் பாதி கடித்த மண்டாஸிப் பணியாரம். பின்மண்டையில் ரத்தம்... இன்னும் காயவில்லை!

நைரோபி, கயோலே. பகல் பன்னிரண்டரை.

செத்தவன் முடிஸோ. ஆன்லைன் விமான ஆட்டத்துக்கு ஆரூடம் விற்றவன். திரையில் குட்டி விமானம் ஏற ஏறக் கட்டிய பணம் பெருகும். திடீரென்று விழும். அதற்குள் வெளியேறாதவன் ஓட்டாண்டி! பகல் பன்னிரண்டு மணி ஆட்டத்தில் அது இரண்டு மடங்கைத் தாண்டுமா, விழுமா என்று முடிஸோ தினமும் காலையில் செய்தி அனுப்புவான்.

இன்ஸ்பெக்டர் நலியாகா பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. இந்த மாதத்தில் நாலாவது பிணம். கொட்டாவிதான் வந்தது.

"கொலைகாரன் மாட்டிட்டான் அஃபண்டே!" கான்ஸ்டபிள் கோரிர் சல்யூட் அடித்தான். "பராஸா. பைக் டாக்ஸிக்காரன். நேத்து இவன் பேச்சை நம்பி, பைக்கை வித்துக் கட்டினான். போச்சு! காலையில வந்து கத்திட்டுப் போயிருக்கான்."

வெளியே கூச்சல். விலங்கோடு வேனில் பராஸா. சுற்றிலும் கூட்டம்... அவனை உயிரோடு கொளுத்தக் கையில் டயர், பெட்ரோல்!

"கத்தினேன்மா! கொல்லலைமா!"

"ஜனங்க கிட்டயே விட்டுடலாம் அஃபண்டே. நமக்குக் கோர்ட் அலைச்சல் மிச்சம்."

நலியாகா பிணத்தின் சாக்ஸுக்குள் விரலை விட்டாள். சின்ன நோட்டு! அறுபத்து நாலு போன் நம்பர்கள். பெயர்கள் இல்லை. பக்கத்தில் தேதிவாரியாகத் 'தாண்டும்', 'விழும்'; நம்பர்கள் மேல் வரிசையாகக் கோடுகள்.

"முதல் நாள் பாதிப் பேருக்குத் 'தாண்டும்'னு அனுப்பியிருக்கான். மீதிப் பேருக்கு 'விழும்'. தப்பாப் போன முப்பத்திரண்டை அடிச்சுட்டான். மறுநாள் மிஞ்சினவங்களுக்கும் அதே மாதிரி. அப்புறம் பதினாறு, எட்டு..."

"அப்ப... அவனுக்கு எதுவுமே தெரியாதா?"

"உனக்கும் எனக்கும் தெரிஞ்ச அளவுதான். ஆனா ஆறு நாளும் சரியா வந்த ஒருத்தனுக்கு இவன் தீர்க்கதரிசி! நேத்து அடிச்சது ஒரே நம்பர், அது பராஸாவோடதாத்தான் இருக்கணும். அடிக்காம ஒண்ணே ஒண்ணு பாக்கி..."

அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். டீ வாங்கி வரச் சொல்லி தினமும் அழைக்கிற நம்பர்.

"உன்னுது, கோரிர்."

கோரிர் இடுப்பு லத்தியை உருவி மேஜையில் வைத்தான்.

"இன்னிக்கு ஆட்டத்துக்காக வீட்டுமனையை வித்துட்டேன் அஃபண்டே. செய்தி வரல. நேர்ல வந்து கேட்டா, 'எனக்கு ஒண்ணும் தெரியாது, விளையாடாதே'ன்னு அழுதான். மறைக்கிறான்னு நினைச்சேன்... லத்தியால ஒண்ணு போட்டேன்."

"அவன் ஜென்மத்துல சொன்ன ஒரே உண்மை அதுதான்டா."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஜன்னல் வழியே கத்தினாள்.

"பராஸா கையில இருக்கிற விலங்கைக் கழட்டி இங்க கொண்டு வாங்க! கூட்டத்தை விரட்டுங்க!"

விலங்கு வந்தது. கோரிர் தலையை நிமிர்த்தினான்.

"அஃபண்டே... நாளைக்குப் பன்னெண்டு மணிக்குத் தாண்டுமா, விழுமா?"

"பாதிக்குப் பாதி. அதுலயும் கம்பெனிக்காரன் கொஞ்சம் கிள்ளிக்குவான். கையை நீட்டு!"